பள்ளி மாவட்டம் விற்ற கடன் பத்திரங்கள்: எதை, எங்கே, எப்போது வெளியிட வேண்டும்?

வளைகுடாவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் வசிக்கிறேன். எங்கள் பள்ளி மாவட்டம் வாக்காளர்களின் ஒப்புதலைப் பெற்று, பழைய வகுப்பறைகளை இடித்துக் கட்டுவதற்காகக் கடன் பத்திரங்களை விற்றிருக்கிறது. அந்தப் பணம் சொன்ன வேலைக்குத்தான் செலவாகிறதா என்று பார்க்கும் குடிமக்கள் மேற்பார்வைக் குழுவில் பெற்றோருக்கான இடம் ஒன்று காலியாக இருந்தது, விண்ணப்பித்தேன், சேர்த்துக்கொண்டார்கள். நான் மென்பொருள் துறையைச் சேர்ந்தவள். பத்திரம் என்றால் வீட்டுப் பத்திரம் என்ற அளவில்தான் இதுவரை எனக்குப் பழக்கம்.

முதல் கூட்டத்தில் எங்களுக்குக் கொடுத்த தடித்த கோப்பில் கட்டுமானச் செலவுக் கணக்குகள் நிறைய இருந்தன. ஆனால் பத்திரம் வாங்கியவர்களுக்கு மாவட்டம் ஆண்டுதோறும் என்ன தெரிவிக்கிறது என்பதைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. அதைக் கேட்டபோது, "அதெல்லாம் எம்மாவில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிதி அலுவலர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். எம்மா என்பவர் யார் என்று பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் மெதுவாகக் கேட்டேன். மாவட்ட அலுவலகத்தில் பணிபுரியும் பெண்மணி என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து தேடிய பிறகே அது நகராட்சிப் பத்திரங்களுக்கான இணையதளம் என்று தெரிந்தது. மாவட்டத்தின் பெயரை இட்டுத் தேடினேன். 2012ஆம் ஆண்டு வரிசைப் பத்திரங்களின் பக்கத்தில் ஒவ்வோர் ஆண்டின் தணிக்கை அறிக்கையும் ஒழுங்காக இருக்கிறது. 2021ஆம் ஆண்டு வரிசையின் பக்கத்திலோ கடைசி இரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளைக் காணவில்லை. அவற்றைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, இருந்தால் மீறினால் யார் கேட்பார்கள், இதைக் கேட்பது எங்கள் குழுவின் வேலைதானா என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்துக்குள் தயாராகிவிடுவேன்.

கணக்கர்:

நான் இதே மாநிலத்தில் ஒரு நகராட்சியின் நிதித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில் சற்று விசித்திரமானது. "பத்திரம் விற்ற பள்ளி மாவட்டமே, ஆண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்" என்று மாவட்டத்தைப் பார்த்து நேரடியாகக் கட்டளையிடும் கூட்டரசுச் சட்டம் எதுவும் இல்லை. ஆயினும் உங்கள் மாவட்டம் அதைச் செய்தே ஆக வேண்டும், ஏனெனில் அப்படிச் செய்வதாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறது.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்திய 1933, 1934ஆம் ஆண்டுச் சட்டங்கள், தனியார் நிறுவனங்களுக்கு விதித்த பதிவு, அறிக்கைக் கடமைகளிலிருந்து மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் பள்ளி மாவட்டங்களுக்கும் விலக்கு அளித்தன. மோசடிக்கு எதிரான பிரிவுகள் மட்டும் எல்லோருக்கும் பொருந்தும். 1975இல் நியூயார்க் நகரம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் திணறியபோது, இப்படியே விட்டால் சரிவராது என்று நாடாளுமன்றம் நகராட்சிப் பத்திரங்களுக்கான விதிமுறை வாரியத்தை அமைத்தது. ஆனால் அதே சட்டத்தில் டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர் கொண்டுவந்த திருத்தமும் சேர்ந்தது. பத்திரங்களை விற்பதற்கு முன்பு எந்த ஆவணத்தையும் தங்களிடம் தாக்கல் செய்யுமாறு உள்ளாட்சிகளை எஸ்.இ.சி. என்ற பத்திரச் சந்தை ஆணையமோ அந்த வாரியமோ கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். மாநிலங்களின் உரிமையில் கூட்டரசு கைவைக்கக் கூடாது என்ற பழைய வாதம் அதன் பின்னால் இருக்கிறது.

பிறகு 1983இல் வாஷிங்டன் மாநிலத்தின் பொது மின்சார வழங்கல் அமைப்பு, கட்டி முடிக்காத இரண்டு அணுமின் நிலையங்களுக்காக வாங்கிய 225 கோடி டாலர் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. பத்திரம் வாங்கியவர்களில் மிகப் பலர் சாதாரண சேமிப்பாளர்கள். அதன் பாடமாக 1989இல் எஸ்.இ.சி. 15சி2-12 என்ற விதியைக் கொண்டுவந்தது. மாமனாரை நேரே கேட்க முடியாத மருமகள் கணவனிடம் சொல்லிக் கேட்க வைப்பதைப் போல, உள்ளாட்சியைத் தொட முடியாத ஆணையம், அதன் பத்திரங்களை மொத்தமாக வாங்கிச் சந்தையில் விற்கும் அண்டர்ரைட்டர் நிறுவனங்களின் கையைப் பிடித்தது. உள்ளாட்சியின் நிலைமையை விவரிக்கும் அதிகாரபூர்வ அறிக்கையைப் படித்துப் பார்க்காமல் பத்திரங்களை வாங்கக் கூடாது என்று முதலில் அவற்றுக்கு விதித்தது. 1994இல் திருத்தி, பத்திரம் முதிரும் வரை ஆண்டுத் தகவல்களையும் முக்கிய நிகழ்வுகளையும் வெளியிடுவதாக உள்ளாட்சி எழுத்தில் உறுதி கொடுத்தாலொழிய வாங்கவே கூடாது என்றது. அண்டர்ரைட்டர் வாங்காவிட்டால் உள்ளாட்சிக்குப் பணம் இல்லை. அதனால் எல்லா உள்ளாட்சிகளும் கையொப்பமிடுகின்றன.

அந்த உறுதிமொழிக்குத் தொடர் வெளிப்படுத்தல் உடன்படிக்கை என்று பெயர். உங்கள் மாவட்டத்துக்கு உள்ள கடமை என்ன என்பது பொதுவான சட்ட நூலில் கிடைக்காது. அந்த உடன்படிக்கையில்தான் கிடைக்கும். எம்மாவில் 2021 வரிசையின் பக்கத்தைத் திறந்து, அதிகாரபூர்வ அறிக்கையை இறக்கிக்கொண்டு, கடைசியில் உள்ள இணைப்புகளைப் பாருங்கள். வழக்கறிஞரின் கருத்துரையும் தணிக்கை அறிக்கையும் இருக்கும் அந்தப் பகுதியில் ஏழெட்டுப் பக்கங்களில் அடங்கிவிடும் ஆவணம் அது. முன்பக்கத்தில் வண்ணப் படத்தோடு இருப்பதைவிட இந்தப் பக்கங்கள்தான் உங்களுக்கு வேண்டும்.

அதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது காலக்கெடு. ஆண்டறிக்கை எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பதை விதி சொல்வதில்லை, உடன்படிக்கைதான் சொல்கிறது. நிதியாண்டு முடிந்து ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை என்பது வழக்கம். கலிஃபோர்னியப் பள்ளிகளின் நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது, தணிக்கை அறிக்கையை டிசம்பர் 15ஆம் தேதிக்குள் மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதால், மார்ச் இறுதி வரை நேரம் கொடுத்திருந்தால் அதைத் தவறவிடுவதற்கு நியாயமான காரணம் அநேகமாக இருக்காது. இரண்டாவது, தணிக்கை அறிக்கையைத் தவிர வேறு என்னென்ன தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது. மாவட்ட எல்லைக்குள் உள்ள சொத்துகளின் மதிப்பு, அதிக வரி செலுத்தும் முதல் இருபது சொத்துக்காரர்கள், மாணவர்களின் சராசரி வருகை போன்ற அட்டவணைகளை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருவதாகப் பல மாவட்டங்கள் எழுதிக் கொடுக்கின்றன. தணிக்கை அறிக்கையைப் பதிவேற்றிவிட்டு இவற்றை மறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மூன்றாவது, இந்த வேலையைச் செய்வதாக யாருடைய பெயர் இருக்கிறது என்பது. பெரும்பாலும் வெளியிலுள்ள ஒரு முகவர் நிறுவனமாக இருக்கும்.

ஆண்டறிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. அசலோ வட்டியோ கட்டத் தவறுதல், கையிருப்பு நிதியிலிருந்து திட்டமிடாமல் எடுத்தல், தர மதிப்பீடு மாறுதல், வரிவிலக்குக்கு ஆபத்து வருதல், திவால் என்று மொத்தம் 16 வகை நிகழ்வுகளை, அவை நடந்த பத்து வேலை நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். கடைசி இரண்டு வகைகள் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தவை. வங்கியிடம் சந்தடியில்லாமல் பெரிய கடன் வாங்கி, அந்த வங்கிக்குப் பத்திரக்காரர்களைவிட முன்னுரிமை கொடுத்த உள்ளாட்சிகள் இருந்ததால்தான் அவை சேர்க்கப்பட்டன. ஆண்டறிக்கை குறித்த நாளில் வரவில்லையென்றால், வரவில்லை என்பதையே ஒரு அறிவிப்பாக வெளியிட வேண்டும். உங்கள் மாவட்டத்தின் பக்கத்தில் அப்படி ஓர் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி என் ஊகம். ஒவ்வொரு பத்திரத்துக்கும் கியூசிப் என்ற ஒன்பது இலக்க எண் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் வெளியிட்டவரைக் குறிக்கும், மீதி மூன்று ஒவ்வொரு முதிர்வு ஆண்டுக்கும் மாறும். அறிக்கையைப் பதிவேற்றும்போது எந்தெந்த எண்களுக்கு அது உரியது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய வரிசைகளை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுப் புதிய வரிசையை விட்டுவிட்டால், நீங்கள் சொல்வது போலத்தான் தெரியும். அப்படியானால் இது பெரும்பாலும் எழுத்தர் பிழை, பதற வேண்டாம்.

கூப்பன் கிழவர்:

கணக்கர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் "எழுத்தர் பிழை, பதற வேண்டாம்" என்பதை, இந்தப் பத்திரங்களை வாங்கி வைத்திருப்பவன் என்ற முறையில் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. வட்டிக்குக் கூட்டரசு வருமான வரி இல்லை என்பதால் என் ஓய்வூதியச் சேமிப்புக்கு வெளியே இருக்கும் பணத்தில் பெரும் பகுதியை இப்படி உள்ளாட்சிப் பத்திரங்களில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் கூப்பன், அதாவது வட்டித் தொகை, வருகிறது. அறிக்கை வந்ததா என்று பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல.

இளைஞர்களுக்குத் தெரியாத ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். 2009 ஜூலைக்கு முன்பு இந்தத் தகவல்கள் நான்கு தனித்தனி நிறுவனக் களஞ்சியங்களுக்குப் போயின. ஒரு நகரத்தின் ஆண்டறிக்கை வேண்டுமானால் அவற்றில் ஒன்றிடம் பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். எதில் இருக்கிறது என்பதைக்கூட நாமே கண்டுபிடிக்க வேண்டும். எம்மா வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் இலவசமாகப் படிக்க முடிந்தது. படிக்க முடிந்ததால்தான் எவ்வளவு பேர் வாக்குறுதியைக் காற்றில் விட்டிருக்கிறார்கள் என்பதும் வெளியே தெரிந்தது.

வளைகுடாவாசி அவர்களே, மீறினால் யார் கேட்பார்கள் என்றீர்கள். வெறுமனே தாமதித்ததற்காக எஸ்.இ.சி. உள்ளாட்சியைப் பிடிக்க முடியாது. உடன்படிக்கையை மீறியதற்காகப் பத்திரக்காரர் வழக்குப் போட்டாலும், கொடுத்த வாக்கை நிறைவேற்று என்று நீதிமன்றத்தைச் சொல்ல வைக்கலாமே தவிர நட்டஈடு கிடைக்காது என்று பெரும்பாலான உடன்படிக்கைகளிலேயே எழுதியிருப்பார்கள். பிடி வேறோர் இடத்தில் இருக்கிறது. அடுத்த முறை பத்திரம் விற்கும்போது, கடந்த ஐந்து ஆண்டுகளில் முந்தைய உடன்படிக்கைகளைக் குறிப்பிடத்தக்க அளவில் மீறியது உண்டா என்று அதிகாரபூர்வ அறிக்கையில் சொல்ல வேண்டும். மீறிவிட்டு, "ஒழுங்காக நடந்துகொண்டோம்" என்று எழுதினால் அது பொய்யான அறிக்கை. மோசடிப் பிரிவு அங்கே பாய்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2014 மார்ச்சில் எஸ்.இ.சி. ஒரு திட்டம் அறிவித்தது: இப்படிப் பொய் எழுதியவர்கள் தாங்களாகவே வந்து ஒப்புக்கொண்டால் சலுகையான நிபந்தனைகளில் வழக்கு முடிக்கப்படும். அதில் முதலில் மாட்டிய உள்ளாட்சி எது தெரியுமா? உங்கள் மாநிலத்திலேயே உள்ள கிங்ஸ் கேன்யன் பள்ளி மாவட்டம். 2010இல் பத்திரம் விற்றபோது, முந்தைய உறுதிமொழிகளைக் காப்பாற்றியதாகச் சொல்லியிருந்தது, காப்பாற்றியிருக்கவில்லை. அந்தத் திட்டம் முடிவதற்குள் 72 அண்டர்ரைட்டர் நிறுவனங்களும் 71 உள்ளாட்சி வெளியீட்டாளர்களும் சிக்கினார்கள். நிறுவனங்கள் அபராதம் கட்டின, உச்ச அளவு 5 லட்சம் டாலர். உள்ளாட்சிகளுக்குப் பண அபராதம் இல்லை, ஏனென்றால் அதை மறுபடியும் வரி செலுத்துபவர்தானே கட்ட வேண்டும்.

மௌனத்தின் விலையைப் பார்க்க வேண்டுமானால் பென்சில்வேனியாவின் தலைநகர் ஹாரிஸ்பர்க்கின் கதையைப் படியுங்கள். குப்பை எரிக்கும் ஆலை ஒன்றுக்காக வாங்கிய கடனுக்கு நகரம் உத்தரவாதம் கொடுத்துவிட்டு மூழ்கிக்கொண்டிருந்தது. 2009 முதல் 2011 வரை ஆண்டுத் தகவல்களையே தாக்கல் செய்யவில்லை. முதலீட்டாளர்கள் என்ன செய்வார்கள்? கிடைத்ததைப் படித்தார்கள்: நகர வரவு செலவுத் திட்டம், மேயரின் ஆண்டு உரை, அரையாண்டு நிதிக் குறிப்பு. 2009 வரவு செலவுத் திட்டத்தில் நகரத்தின் கடன் தர மதிப்பீடு மிக உயர்ந்த "ஏஏஏ" என்று இருந்தது. அந்த மதிப்பீட்டைத் தரும் மூடிஸ் நிறுவனமோ அதற்கு முன்பே பல படிகள் இறக்கிவிட்டிருந்தது. பத்திர விற்பனைக்கான ஆவணங்களுக்கு வெளியே சொன்ன தவறான செய்திகளுக்காக ஒரு நகரத்தின் மீது எஸ்.இ.சி. குற்றம் சாட்டியது 2013இல் அதுவே முதல் முறை. தாக்கல் செய்யாமல் விட்ட இடத்தை மேயரின் மேடைப் பேச்சு நிரப்பிவிடுகிறது என்பதுதான் எனக்கு அதில் பிடிபட்டது. அதனால்தான் இரண்டு ஆண்டுகள் காணவில்லை என்றால் எனக்குப் பதற்றம் வருகிறது.

நீங்கள் பள்ளி மாவட்டம் என்பதால் இன்னொன்று. சான் டியேகோ பகுதியின் ஸ்வீட்வாட்டர் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் 2018 ஏப்ரலில் 2.8 கோடி டாலருக்குப் பத்திரம் விற்றது. ஆண்டு முடிவில் பொது நிதியில் 1.95 கோடி டாலர் மிச்சம் இருக்கும் என்று வாங்குபவர்களுக்குச் சொன்னார்கள். உள்ளே இருந்த கணக்கோ 72 லட்சம் டாலர் பற்றாக்குறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 2021இல் எஸ்.இ.சி. மாவட்டத்தின் மீதும் அதன் முன்னாள் நிதித் தலைவர் மீதும் குற்றம் சாட்டியது. அவர் தம் கையிலிருந்து 28,000 டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட வழக்குகளில் தனி மனிதரின் பெயர் வரும்போதுதான் அலுவலகங்கள் விழித்துக்கொள்கின்றன.

வளைகுடாவாசி:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு 2021 வரிசையின் அதிகாரபூர்வ அறிக்கையை இறக்கிப் படித்தேன். கணக்கர் ஐயா சொன்ன இடத்திலேயே, கடைசியிலிருந்து மூன்றாவது இணைப்பாக உடன்படிக்கை இருக்கிறது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள், அதாவது மார்ச் 31க்குள், ஆண்டறிக்கை தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தணிக்கை அறிக்கையோடு சொத்து மதிப்பு அட்டவணையும் பெரிய வரி செலுத்துநர் பட்டியலும் தருவதாக இருக்கிறது. 2012 வரிசையின் பக்கத்தில் உள்ள தாக்கலைத் திறந்து பார்த்தால், முகப்புத் தாளில் கியூசிப் எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், 2021க்குரிய எண் ஒன்றுகூட இல்லை. ஆக, கணக்கர் ஐயாவின் ஊகம் சரி. ஆனால் அந்தத் தாக்கலிலும் தணிக்கை அறிக்கை மட்டும்தான் இருக்கிறது. வரி செலுத்துநர் பட்டியலைக் காணவில்லை. தாக்கல் தவறிய அறிவிப்பும் எங்கும் இல்லை. கூப்பன் ஐயாவின் பதற்றத்திலும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு கேள்வி. இதெல்லாம் பத்திரம் வாங்கியவர்களுக்கானது. சொத்து வரி கட்டி இந்தக் கடனை அடைப்பவர்கள் நாங்கள். எங்களுக்கென்று மாநிலம் ஏதாவது விதித்திருக்கிறதா?

கணக்கர்:

கூப்பன் ஐயா சொன்னது சரி, என் "பதற வேண்டாம்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலே தாக்கலாகவில்லை என்றால் அதை எண் பிழை என்று சொல்ல முடியாது.

உங்கள் புதிய கேள்விக்கு வருகிறேன். கலிஃபோர்னியா இதில் மற்றப் பல மாநிலங்களைவிட ஒரு படி மேலே போயிருக்கிறது என்றே சொல்வேன். மாநிலக் கருவூலத் தலைவரின் கீழ் கடன், முதலீட்டு ஆலோசனை ஆணையம் ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி எதுவானாலும் கடன் விற்பனைக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன்பு அந்த ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்ற 21 நாள்களுக்குள் இறுதி விவரத்தைத் தர வேண்டும். 2017 ஜனவரி 21 முதல் இறுதி விவரம் தந்த கடன்களுக்கு, ஆண்டுக்கு ஒரு முறை ஜனவரி 31க்குள் இன்னோர் அறிக்கையும் உண்டு: வாக்காளர்கள் எவ்வளவுக்கு அனுமதி தந்தார்கள், எவ்வளவு விற்றாகிவிட்டது, எவ்வளவு பாக்கி, வந்த பணம் எதற்குச் செலவாயிற்று. கடன் அடைந்து பணமும் செலவாகி முடியும் வரை இது தொடரும். இவற்றை ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். எம்மாவில் இருப்பது பெரும்பாலும் கடனைத் திருப்பித் தரும் திறனைப் பற்றியது. பணம் போன வழியைப் பார்க்க இந்த அறிக்கைதான் உதவும். உங்கள் குழுவுக்கு இரண்டும் தேவை.

விற்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. 2018 முதல், கடனுக்கு ஒப்புதல் அளிக்கும் பொதுக் கூட்டத்தில் நான்கு எண்களை நேர்மையான தோராய மதிப்பீடாக வெளியிட வேண்டும்: உண்மையான வட்டிச் செலவு, இடைத்தரகுச் செலவுகள், கையில் வரும் நிகரத் தொகை, கடைசி வரை கட்ட வேண்டிய மொத்தத் தொகை. அந்த நான்காவது எண்ணை ஏன் கேட்கிறார்கள் என்பதற்குப் போவே பள்ளி மாவட்டத்தை நினைத்துப் பார்த்தால் போதும். 2011இல் அவர்கள் 10.5 கோடி டாலர் வாங்கினார்கள். இருபது ஆண்டுகளுக்குத் தவணையே கட்ட வேண்டாம், வட்டி அசலில் ஏறிக்கொண்டே போகும் என்ற வகைப் பத்திரம். கடைசியில் கட்ட வேண்டியது 98 கோடி டாலர். வாங்கும்போது இந்த எண் யார் கண்ணிலும் அழுத்தமாகப் படவில்லை. மாநிலம் 2013இல் சட்டம் கொண்டுவந்து, பள்ளி மாவட்டங்கள் கட்டும் மொத்தம் வாங்கியதைப் போல நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது.

இனி உங்கள் குழு. 2000ஆம் ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 39ஆம் முன்மொழிவு, பள்ளிக் கடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவை என்பதை 55 விழுக்காடாகக் குறைத்தது. அதற்கு ஈடாகத்தான் உங்கள் குழுவும், ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும், செயல்திறன் தணிக்கையும் வந்தன. இந்த இரண்டு தணிக்கைகளும் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31க்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். தணிக்கையாளர் குறை சொல்லியிருந்தால் மாவட்டம் மூன்று மாதத்துக்குள் உங்களுக்குப் பதில் தர வேண்டும். உங்கள் கூட்டக் குறிப்புகளும் குழுவுக்கு வரும் ஆவணங்களும் இணையத்தில் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது நீங்கள் மக்களுக்கு அறிக்கை தர வேண்டும். இதற்கான உதவியைப் பத்திரப் பணத்தில் கைவைக்காமல் மாவட்டமே செய்துதர வேண்டும். கோப்பில் தாள் இல்லை என்று அவர்கள் சொல்ல இடமில்லை.

எம்மா தாக்கலைக் கண்காணிப்பது சட்டப்படி உங்கள் குழுவின் பணியா என்றால், சொற்களைப் பிடித்துப் பார்த்தால் இல்லை. உங்கள் பணி செலவைப் பார்ப்பது. ஆனால் பொதுக் கூட்டத்தில் கேள்வி கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கேட்கும்போது "ஏன் சட்டத்தை மீறினீர்கள்" என்று தொடங்காதீர்கள். உடன்படிக்கையின் பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், "இந்த மார்ச் 31க்குரிய தாக்கல் எந்த எண்ணில் இருக்கிறது, வரி செலுத்துநர் பட்டியல் எங்கே" என்று கேளுங்கள். நான் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தவன். முதல் வகைக் கேள்விக்கு வழக்கறிஞரைக் கூப்பிடுவோம், இரண்டாவது வகைக் கேள்விக்குக் கோப்பைத் தேடுவோம்.

ராயபுரத்தான்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். உள்ளாட்சியைத் தொட முடியாமல் அண்டர்ரைட்டர் வழியாகச் சுற்றிப் போகிறார்கள் என்பது வியப்பாக இருக்கிறது. இங்கே அந்தச் சுற்றுவழி இல்லை. இந்தியாவின் பத்திரச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2015இல் உள்ளாட்சிக் கடன் பத்திரங்களுக்கென்றே தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவை உள்ளாட்சியையே நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. முந்தைய மூன்று நிதியாண்டுகளின் கணக்கு, நகராட்சிக் கணக்கியல் கையேட்டின்படி இருக்க வேண்டும், வங்கிக் கடனிலோ பத்திரத்திலோ கடந்த ஓராண்டில் தவணை தவறியிருக்கக் கூடாது, திரட்டிய பணத்தைச் சொன்ன திட்டத்துக்கே செலவிட வேண்டும், பட்டியலிட்ட பிறகு பங்குச் சந்தைக்குத் தொடர்ந்து தகவல் தர வேண்டும். சென்னை மாநகராட்சி 2025இல் கொசஸ்தலையாற்றுப் படுகை மழைநீர் வடிகால் பணிக்காக 200 கோடி ரூபாய்ப் பத்திரங்களைத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டதும் இந்த விதிகளின் கீழ்தான். ஆனால் உங்களிடம் உள்ளது போல், வரி கட்டுபவர் உட்கார்ந்து கேள்வி கேட்கும் குழு எதையும் செபி விதிகள் கேட்கவில்லை. எங்கள் தெருவில் வடிகால் தோண்டும்போது நாங்கள் கேட்பதெல்லாம் பள்ளத்தை எப்போது மூடுவீர்கள் என்பது மட்டும்தான்.

வளைகுடாவாசி:

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். உடன்படிக்கைப் பக்கத்தையும் கியூசிப் எண்கள் உள்ள முகப்புத் தாளையும் அருகருகே வைத்து ஒரே தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். நிதி அலுவலர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் முகவர் நிறுவனம் மாறியதாகவும், புதிய நிறுவனத்துக்குக் கொடுத்த பட்டியலில் 2021 வரிசை விடுபட்டிருக்கலாம் என்றும் சொன்னார். மறைக்கும் எண்ணம் அவரிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தை அவரும் முதல் முறையாகப் படிக்கிறார் என்றே தோன்றியது.

இரண்டு ஆண்டுத் தாக்கல்களையும் 2021 எண்களோடு இணைப்பது, விட்டுப்போன அட்டவணைகளைச் சேர்ப்பது, தாமதம் பற்றிய அறிவிப்பை வெளியிடுவது ஆகிய மூன்றையும் முப்பது நாள்களுக்குள் முடிப்பதாகக் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. மீதமுள்ள அனுமதித் தொகைக்கு அடுத்த ஆண்டு மூன்றாவது வரிசையை விற்கப்போகிறார்கள் என்பதும் இன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதன் அதிகாரபூர்வ அறிக்கையில் இந்தத் தவறைக் குறிப்பிட வேண்டுமா என்று கேட்டேன். அது குறிப்பிடத்தக்க அளவிலான மீறலா இல்லையா என்பதைப் பத்திர வழக்கறிஞர் தீர்மானிப்பார் என்றார்கள். அவருடைய கருத்தை எழுத்தில் பெற்று எங்கள் குழுவின் முன் வைக்குமாறு கேட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் அதை வழிமொழிந்தார்.